‘நரம்பு சுருட்டல்’ நரம்பு நோயல்ல!

வெரிகோஸ் வெயின், சிலந்திச் சிரை: யாருக்கு எந்தச் சிகிச்சை?

வெரிகோஸ் வெயினுக்கான ஸ்கேன் அறையில் நோயாளி படுப்பதில்லை, நிற்கிறார். சிறு மேடையில் ஏறி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உடல் எடையை ஒரு காலில் தாங்கி, சோதிக்க வேண்டிய காலைச் சற்றே வெளிப்புறம் திருப்பித் தளர்த்தி நிற்க வேண்டும். தொடையின் உட்புறத்தில் குளிர்ந்த ஜெல் தடவப்படுகிறது. கருவியின் முனையை அங்கே வைத்தபடி, மருத்துவர் மறு கையால் கெண்டைக்கால் சதையை ஒரு பிடி அழுத்துகிறார். திரையில் சிரைக்குள் நீல நிறம் பாய்கிறது: ரத்தம் இதயத்தை நோக்கி ஏறுகிறது. கையை விடுகிறார். நல்ல சிரையாக இருந்தால் நீலம் மறைந்து திரை கறுத்துவிடும். பழுதான சிரையில் அடுத்த கணமே சிவப்பு தோன்றி, ஒன்று, இரண்டு, மூன்று விநாடி என்று நீடிக்கிறது. ஏறிய ரத்தம் இறங்கி வருகிறது. இந்தப் பின்னோட்டம் அரை விநாடிக்கு மேல் நீடித்தால், தோலடிச் சிரையின் வால்வு கெட்டுவிட்டது என்று பொருள்.

காலில் புடைத்துத் தெரியும் சுருளுக்கு எந்தச் சிகிச்சை பொருந்தும் என்பது முடிவாவது இந்தச் சில விநாடிகளில்தான். சுருள் தெரிவது முழங்காலுக்குக் கீழே. வால்வு கெட்டு ரத்தம் பின்னால் கசிவது பெரும்பாலும் தொடை இடுக்கில். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் சுருளை மட்டும் அகற்றினால், சில ஆண்டுகளில் பக்கத்திலேயே இன்னொன்று புடைக்கும். லேசர், ரேடியோ அலை, பசை, நுரை ஊசி, அறுவை என்று விளம்பரப் பலகைகள் அடுக்கும் பெயர்களுக்கு நடுவே நோயாளி முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கசிவு எங்கே?

கெடுவது கதவு

பேச்சுத் தமிழில் இந்த நோய்க்கு ‘நரம்பு சுருட்டல்’ என்று பெயர். உண்மையில் சுருள்வது நரம்பு இல்லை. உடலெங்கும் இருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை. பெயரில் உள்ள இந்தப் பிழை சிகிச்சையையும் திசைதிருப்பிவிடுகிறது. நரம்புக் கோளாறு என்று எண்ணி வைட்டமின் மாத்திரையிலும் வலித் தைலத்திலும் ஆண்டுகளைக் கழித்துவிட்டு, தோல் கறுத்த பிறகு மருத்துவமனைக்கு வருபவர்கள் பலர்.

காலில் சிரைகள் இரண்டு அடுக்காக உள்ளன. தசைகளுக்கு இடையே ஓடும் ஆழ்சிரைகள், காலின் ரத்தத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைச் சுமக்கின்றன. தோலுக்கு அடியில் ஓடும் சிரைகள் மீதியைச் சுமக்கின்றன. இவற்றில் முக்கியமானவை இரண்டு. உள்கணுக்காலில் தொடங்கித் தொடை இடுக்கு வரை ஏறும் பெருஞ்சிரை, உடலிலேயே மிக நீளமானது. கெண்டைக்காலின் பின்புறம் ஏறி முழங்கால் மடிப்பருகே சேரும் சிறுசிரை மற்றொன்று. இரு அடுக்குகளையும் ஊடுசிரைகள் இணைக்கின்றன.

நிற்கும் மனிதனின் பாதத்திலிருந்து இதயம் வரை ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து நாலடிக்கு மேல் ஏறியாக வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது சுருங்கி ஆழ்சிரைகளைப் பிழிகிறது. அதனால்தான் அதற்கு ‘இரண்டாவது இதயம்’ என்ற பெயர். ஏறிய ரத்தம் இறங்காமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் இரட்டை இதழ் வால்வுகள். ஒரே பக்கம் திறக்கும் கதவுகள். 1603இல் இத்தாலியின் படுவா நகரில் ஃபாப்ரீசியஸ் இந்த வால்வுகளைப் படம் வரைந்து நூலாக வெளியிட்டார். அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவியபோது, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் இந்தக் கதவுகளும் அவருக்குச் சான்றாக நின்றன.

அசையாமல் நிற்பவரின் பாதச் சிரையில் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு. நடக்கத் தொடங்கினால் சில அடிகளிலேயே அது 30 அளவுக்கு இறங்கிவிடும். வால்வு கெட்டவருக்கு நடந்தாலும் அழுத்தம் அந்த அளவுக்கு இறங்காது. ஓயாத இந்த அழுத்தத்தில் சிரையின் மெல்லிய சுவர் விரிகிறது. விரிந்த சிரையில் வால்வின் இரு இதழ்களும் ஒன்றையொன்று தொடாமல் விலகுகின்றன. கீழே உள்ள அடுத்த வால்வின் மேல் பாரம் விழுகிறது. ஒரு கதவு கெட்டால் அடுத்த கதவும் கெடும் சங்கிலி இது. மாலையில் கால் கனப்பது, கணுக்கால் வீங்குவது, இரவில் சதை இழுத்துப் பிடிப்பது, தோல் அரிப்பது எல்லாம் இந்த அழுத்தத்தின் வேலை.

நின்றே பிழைப்பவர்கள்

குடும்ப வழி, வயது, உடல் எடை, பெண்களுக்குப் பேறுகால மாற்றங்கள் ஆகியவை முதன்மைக் காரணங்கள். இவற்றோடு சேர்ந்து நோயை வளர்ப்பது அசையாமல் நிற்கும் வேலை. டென்மார்க்கின் உழைக்கும் மக்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஆய்வு, பெரும்பாலும் நின்றே வேலை செய்பவர்கள் வெரிகோஸ் வெயினுக்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு என்று கண்டது.

துணிக்கடை, நகைக்கடை விற்பனையாளர், ஆசிரியர், போக்குவரத்துக் காவலர், செவிலியர், சலவைத் தொழிலாளி, சமையல்காரர், முடிதிருத்துபவர் என்று நின்றே பிழைப்பவர்களின் பட்டியல் தமிழ்நாட்டில் நீளமானது. கேரளத்தில் கடைப் பெண் ஊழியர்கள் போராடிப் பெற்ற உட்காரும் உரிமை 2018இல் சட்டமானது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை தருவதையும், பணி நேரத்தில் உட்கார வாய்ப்பு அளிப்பதையும் கட்டாயமாக்கியது. வேலை நேரம் முழுக்க நிற்பதால் வரும் உடல்நலக் கேடுகள் அந்தத் திருத்தத்துக்கு அரசே சொன்ன காரணம். நாற்காலி போட்டால் மட்டும் போதாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் அதில் அச்சமின்றி உட்கார முடிய வேண்டும். சட்டம் காலைக் காப்பது அப்போதுதான்.

┌ பெட்டிச் செய்தி: நோயின் படிகள் ┐

உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் வகைப்பாடு, நோயை 0 முதல் 6 வரை நிலைகளாகப் பிரிக்கிறது.

● நிலை 0: கண்ணுக்கு எதுவும் தெரியாது, கனமும் வலியும் இருக்கலாம்.
● நிலை 1: 1 மில்லிமீட்டருக்குக் குறைவான சிவப்பு, ஊதாக் கோடுகள் (சிலந்திச் சிரை), 3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட நீலச் சிரைகள்.
● நிலை 2: 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்துப் புடைத்த வெரிகோஸ் வெயின்.
● நிலை 3: கால் வீக்கம்.
● நிலை 4: கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்தல், அரிப்புச் சொறி, தோல் கட்டை போல் இறுகுதல்.
● நிலை 5: ஆறிய புண்.
● நிலை 6: ஆறாத புண்.

எல்லாருக்கும் நோய் படிப்படியாக ஏறும் என்பதில்லை. ஆனால் நிலை 4ஐத் தொட்டவருக்குப் புண் தொலைவில் இல்லை.

முதல் வேலை: டாப்ளர் ஸ்கேன்

தொடக்கத்தில் பார்த்த ஸ்கேனின் பெயர் டாப்ளர். ஊசி, கதிர்வீச்சு எதுவுமில்லாத அது மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். கசிவு பெருஞ்சிரையிலா, சிறுசிரையிலா, ஊடுசிரையிலா என்பது ஒன்று. ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றனவா, பழைய ரத்தக்கட்டின் அடைப்பு உண்டா என்பது இரண்டாவது. ஆழ்சிரை அடைபட்டவருக்குத் தோலடிச் சிரைதான் மாற்றுப் பாதையாக வேலை செய்துகொண்டிருக்கலாம். அதை மூடினால் காலின் நிலை மோசமாகிவிடும். சிரையின் விட்டமும் வளைவும் மூன்றாவது. கருவியை உள்ளே செலுத்த முடியுமா என்பதை அது தீர்மானிக்கிறது. படுக்க வைத்து மட்டும் எடுத்த ஸ்கேனில் கசிவு தெரியாமல் போகலாம்.

தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் பரவலாக இருப்பதால் இன்னொரு சோதனையும் தேவை. பாதத்தில் தமனித் துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய அளவீடும் வேண்டும். ரத்தம் கீழே இறங்குவதிலேயே குறையுள்ள காலில் இறுக்கமான காலுறை மாட்டுவது ஆபத்து.

காலுறை: எவ்வளவு பயன்?

அழுத்தக் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி நெய்யப்படுகிறது. வெரிகோஸ் வெயினுக்குப் பெரும்பாலும் எழுதித் தரப்படுவது 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும் வகை. காலையில் வீக்கம் ஏறுமுன் கணுக்கால், கெண்டைக்கால் சுற்றளவுகளை அளந்து வாங்க வேண்டும். படுக்கையை விட்டு இறங்குமுன் மாட்டி, இரவு படுக்கும்போது கழற்ற வேண்டும். ஆறு மாதத்தில் அதன் இழுவிசை தளர்ந்துவிடும். புதிது வாங்க வேண்டும்.

காலுறை கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். கெட்ட வால்வைச் சரிசெய்யாது. சுருண்ட சிரையை மறையச் செய்யாது. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி நிறுவனம் 2013இல் வெளியிட்ட நெறிமுறை, கசிவு உறுதியானவர்களுக்குச் சிரையை மூடும் சிகிச்சையை முதலிலும், அது பொருந்தாதவர்களுக்குக் காலுறையைக் கடைசியிலும் வைத்தது. சென்னை வெயிலிலும் மதுரை வெயிலிலும் நாள் முழுக்கக் காலுறை அணிவது எளிதன்று என்பதும் உண்மை. சிகிச்சைக்குக் காத்திருப்பவர், கர்ப்பிணி, உடல்நிலை காரணமாகச் சிகிச்சை செய்ய முடியாதவர் ஆகியோருக்கு அது நல்ல துணை.

டயோஸ்மின், ஹெஸ்பெரிடின் சேர்ந்த மாத்திரைகளும் இப்படித்தான். கனமும் வீக்கமும் குறையலாம், சிரை சுருங்காது.

வெப்பத்தால் மூடும் முறை

இன்று பெருஞ்சிரைக் கசிவுக்கு முதல் தேர்வு இது. சிரையை வெட்டி எடுக்காமல், உள்ளிருந்தே சுட்டு மூடிவிடுவது இதன் அடிப்படை. ரேடியோ அலைக் கருவி அமெரிக்காவில் 1999இலும் லேசர் 2002இலும் அனுமதி பெற்றன.

முழங்கால் அருகே ஸ்கேன் பார்த்தபடி ஊசி குத்தி, அதன் வழியே மெல்லிய குழாய் தொடை இடுக்கு நோக்கிச் செலுத்தப்படுகிறது. அதன் முனை, பெருஞ்சிரை ஆழ்சிரையோடு சேரும் இடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் முன்பே நிறுத்தப்படுகிறது. அடுத்த கட்டம்தான் பாதுகாப்பின் உயிர்நாடி. உப்புநீரில் மரத்துப்போகும் மருந்தைக் கலந்து, சிரையைச் சுற்றித் தொடை நெடுகப் பல ஊசிகளாக ஏற்றுகிறார்கள். வலியை மரக்கச் செய்யும் அந்த நீர், சிரையை அழுத்திக் கருவியோடு ஒட்ட வைக்கிறது. தோலையும் நரம்பையும் சூட்டிலிருந்து விலக்கியும் வைக்கிறது. பிறகு ரேடியோ அலைக் கருவி 120 டிகிரி செல்சியஸில், 7 சென்டிமீட்டர் நீளத்தை 20 விநாடியில் சுட்டு மூடுகிறது. குழாயைச் சற்றே கீழே இழுத்து அடுத்த பகுதி. இப்படி முழங்கால் வரை. லேசரில் இழையை மெல்ல இழுத்துக்கொண்டே வர வேண்டும். இப்போது பரவலாக உள்ள 1470 நானோமீட்டர் லேசர், சிரைச் சுவரிலுள்ள நீரைச் சூடாக்கி வேலை செய்வதால், பழைய வகைகளைவிட வலியும் ரத்தக்கன்றலும் குறைவு.

மொத்த வேலைக்கும் ஒரு மணி நேரத்துக்குள் ஆகும். முடிந்ததும் நோயாளி எழுந்து நடந்துபோகலாம், நடக்கத்தான் வேண்டும். மூடிய சிரை மாதங்கள் செல்லச் செல்ல நார்போலச் சுருங்கி உடலில் கரைகிறது. ஓராண்டு கழித்தும் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட சிரைகள் மூடியே இருக்கின்றன. ஒரு சிரையை அடைத்தால் ரத்தம் எப்படி மேலே போகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சிரை ஏற்கெனவே ரத்தத்தைத் தவறான பக்கம் விட்டுக்கொண்டிருந்தது. ஆழ்சிரைகள் அதன் வேலையை எளிதாக ஏற்றுக்கொள்ளும்.

தொடை உட்புறத்தில் இரண்டு வாரம் கயிறு இழுப்பது போன்ற வலி, கன்றல், சிலருக்கு முழங்காலுக்குக் கீழே தோல் மரத்துப்போதல் ஆகியவை இதன் பக்கவிளைவுகள். மூடிய சிரையிலிருந்து ரத்தக்கட்டு ஆழ்சிரைக்குள் நீள்வது அரிது. அதைக் கண்டறியவே சில நாள்களில் மறு ஸ்கேன் எடுக்கப்படுகிறது.

பசை

சயனோ ஆக்ரிலேட் என்னும் மருத்துவப் பசையைத் துளித்துளியாகச் சிரைக்குள் விட்டு, வெளியிலிருந்து அழுத்தி ஒட்டவைக்கும் முறை அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்றது. தொடை நெடுக மரப்பு ஊசிகள் தேவையில்லை. வெப்பம் இல்லாததால் நரம்பு சுடப்படும் அச்சமும் இல்லை. மூடும் திறன் வெப்ப முறைக்கு இணையானது. ஆனால் பசை உடலுக்குள் நெடுங்காலம் தங்கும். சிலருக்கு அது ஒவ்வாமையாகி, சிரை ஓடும் வழி முழுக்கத் தோல் சிவந்து அரிக்கும். மிக அரிதாக அந்தச் சிரையையே அறுத்து எடுக்க நேர்கிறது. செயற்கை நகம், செயற்கை இமை ஒட்டும் பசையால் தோல் தடித்த அனுபவம் உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

நுரை ஊசி

பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்பேட் மருந்தை ஒரு ஊசிக்குழலிலும், காற்றை இன்னொன்றிலும் எடுத்து, இரண்டையும் ஒரு மும்முனை இணைப்பால் பூட்டி, இருபது முறை முன்னும் பின்னும் தள்ளினால் மருந்து வெண்ணுரையாகும். மருந்து ஒரு பங்கு, காற்று நான்கு பங்கு. இத்தாலிய மருத்துவர் தெஸ்ஸாரி 2000இல் வெளியிட்ட எளிய உத்தி இது. நுரை சிரைக்குள்ளிருக்கும் ரத்தத்தை ஒதுக்கித்தள்ளிச் சுவரை நேரடியாகத் தொட்டு எரிச்சலூட்டுகிறது. சிரை சுருங்கி ஒட்டிக்கொள்கிறது.

செலவு குறைவு, கீறல் இல்லை, கருவி நுழைய முடியாத வளைந்த சிரையிலும் செய்யலாம். முன்பு சிகிச்சை செய்து திரும்ப வந்த சுருளுக்கும், புண்ணுக்கு அடியிலுள்ள சிரைக்கும் இது பெரிதும் உதவுகிறது. மறுபக்கம், பருத்த பெருஞ்சிரை இதில் மீண்டும் திறந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் 798 நோயாளிகளை லேசர், நுரை, அறுவை என்று பிரித்து ஒப்பிட்டு, ஐந்தாண்டு முடிவுகளை 2019இல் வெளியிட்ட ஆய்வில், லேசரும் அறுவையும் பெற்றவர்களின் நலம் நுரை பெற்றவர்களைவிட மேலாக இருந்தது. நுரைக்குப் பின் சிலருக்குச் சில நிமிடம் கண் மங்கலாம், ஒற்றைத் தலைவலி தூண்டப்படலாம். பக்கவாதம் மிக அரிது. தோலில் பழுப்புக் கோடு பல மாதம் நிற்கலாம்.

அறுவை

1891இல் ஜெர்மனியின் ட்ரெண்டெலன்பர்க் பெருஞ்சிரையைக் கட்டும் அறுவையை விவரித்தார். 1907இல் அமெரிக்காவின் பாப்காக், சிரைக்குள் கம்பி செலுத்தி முழுச் சிரையையும் உருவி எடுக்கும் கருவியை அறிமுகப்படுத்தினார். ஒரு நூற்றாண்டுக் காலம் இதுவே சிகிச்சை. தொடை இடுக்கில் வெட்டும் மயக்க மருந்தும் தேவை. வேலைக்குத் திரும்பச் சில வாரம் ஆகும். பலன் இன்றும் குறையவில்லை. மிகப் பருத்து வளைந்த சிரை, தோலை ஒட்டி ஓடும் சிரை, வெப்பக் கருவி இல்லாத ஊர் ஆகிய இடங்களில் அறுவையே சரியான வழி. கணுக்கால் வரை உருவினால் கூடவே ஓடும் உணர்வு நரம்பு அடிபடும் என்பதால், இப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுகிறார்கள்.

கசிவை மூடிய பிறகும் எஞ்சி நிற்கும் புடைப்புகளை அகற்ற, சுவிட்சர்லாந்தின் தோல் மருத்துவர் ராபர்ட் முல்லர் 1950களில் உருவாக்கிய முறை உள்ளது. ஊசி முனையளவு கீறல்களின் வழியே சிறு கொக்கியால் சிரையைத் துண்டு துண்டாக எடுப்பது அது. தையல் தேவைப்படாது, தழும்பும் பெரும்பாலும் தெரியாது.

┌ பெட்டிச் செய்தி: எது யாருக்கு? ┐

● நேராக ஓடும் பெருஞ்சிரையில் கசிவு: ரேடியோ அலை அல்லது லேசர்.
● மரப்பு ஊசிகளைத் தாங்க முடியாதவர், ஒவ்வாமை இல்லாதவர்: பசை.
● வளைந்த சிரை, திரும்ப வந்த சுருள், முதியவர்: நுரை ஊசி.
● மிகப் பருத்த, தோலை ஒட்டிய சிரை: அறுவை.
● எஞ்சிய புடைப்புகள்: சிறு கீறல் கொக்கி முறை அல்லது நுரை.
● சிலந்திச் சிரை: நுண்ணூசி மருந்து, சிலருக்கு மேற்பரப்பு லேசர்.
● கர்ப்பிணி: காலுறை, நடை, மற்றவை பிரசவத்துக்குப் பின்.

சிலந்திச் சிரை: அழகும் எச்சரிக்கையும்

தொடையிலும் முழங்கால் ஓரத்திலும் சிலந்தி வலைபோலப் படரும் சிவப்பு, ஊதாக் கோடுகள் பெரும்பாலும் உடலுக்குக் கேடு செய்யாதவை. சிகிச்சை தோற்றத்துக்காகத்தான், காப்பீடும் பொதுவாகக் கிடைக்காது. ஒரு விதிவிலக்கு கவனிக்கத்தக்கது. உள்கணுக்காலைச் சுற்றி விசிறி விரித்தாற்போல் நெருக்கமாகப் படர்ந்த கோடுகள், மேலே பெரிய சிரை கசிவதன் அடையாளமாக இருக்கலாம். அவற்றுக்கு ஊசி போடுமுன் ஸ்கேன் அவசியம்.

மிக மெல்லிய ஊசியால், நீர்த்த பாலிடோகனாலைக் கோட்டுக்குள் செலுத்துவதே முதன்மைச் சிகிச்சை. மருந்து புகுந்த கணத்தில் கோடு வெளுத்து மறையும். சற்று நேரத்தில் கொசுக்கடிபோலத் தடிக்கும். கோடு உண்மையில் மங்க வாரங்கள் ஆகும். நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு, மூன்று அமர்வுகள் தேவைப்படலாம். அடியில் நீலச் சிரை ஒன்று ரத்தம் ஊட்டிக்கொண்டிருந்தால் அதை முதலில் மூட வேண்டும்.

மாநிறமும் கருநிறமும் கொண்ட தோலில் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஊசிக்குப் பின் பழுப்புக் கறை படிந்து ஆறு மாதம், ஓராண்டு என்று நிற்கலாம், பெரும்பாலும் மங்கிவிடும். மேற்பரப்பு லேசரில் தோலின் நிறமியும் ஒளியை உறிஞ்சுவதால் தீப்புண் ஆகலாம். நிறமி குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் லேசர் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஊசி முடிந்த இடத்தைச் சுற்றிப் புதிய செந்நூல் கோடுகள் முளைப்பதும் சிலருக்கு நேர்வதுண்டு. ஒரு சிறு இடத்தில் செய்து பார்த்து, தோல் எப்படி ஏற்கிறது என்று அறிந்தபின் தொடர்வது நல்லது.

தள்ளிப்போட்டால்

வெரிகோஸ் வெயின் உள்ள பலர் வலி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். உள்கணுக்காலுக்குச் சற்று மேலே, பழுப்புக் காசு ஒட்டியது போல ஒரு கறை முதலில் தோன்றும். அழுத்தம் தாங்காமல் சிரையிலிருந்து கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து விட்டுச்சென்ற இரும்புக் கறை அது. பிறகு அரிப்பு, சொறி. தோலுக்கடியில் கொழுப்பு இறுகிக் கல்லாகும். ஒருநாள் கட்டில் காலில் இடித்த சிறு சிராய்ப்பு ஆறாமல் புண்ணாகும். நீர் வடியும், துணி நனையும், நாற்றத்துக்கு அஞ்சிப் பேருந்தில் ஏறத் தயங்கும் நிலை வரும். கட்டுப்போடும் செலவும் இழக்கும் கூலியும் சேர்ந்து குடும்பத்தைச் சாய்த்துவிடும்.

சர்க்கரைப் புண்ணும் சிரைப் புண்ணும் வேறு. சர்க்கரைப் புண் பெரும்பாலும் பாதத்தின் அடியிலும் விரலிலும் வருகிறது; சிரைப் புண் கணுக்காலுக்கு மேலே. சிரைப் புண்ணுக்குத் தலையான மருந்து களிம்பு இல்லை. பல அடுக்கு அழுத்தக் கட்டு. கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும்படி பயிற்சி பெற்றவர் சுற்ற வேண்டும். கட்டோடு சிரையையும் உடனே மூடினால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. புண் ஆறும் இடைநிலைக் காலம் 82 நாளிலிருந்து 56 நாளாகக் குறைந்தது. முதலில் புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்க்கலாம் என்ற பழைய வழக்கத்தை அது மாற்றியது. பல ஆண்டுகள் ஆறாத புண்ணிலிருந்து சதைத்துணுக்கு எடுத்துப் புற்றுநோய் உண்டா என்று பார்ப்பதும் கட்டாயம்.

┌ பெட்டிச் செய்தி: உடனே செய்ய வேண்டியவை ┐

● சிரை வெடித்து ரத்தம் பீறிட்டால்: உடனே படுக்க வைத்துக் காலை நெஞ்சுக்கு மேலே தூக்கி, சுத்தமான துணியை வைத்து அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் விடாமல் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்க வைக்கவோ, மேலே கயிறு கட்டவோ கூடாது. ரத்தம் நின்றாலும் மருத்துவமனை செல்வது அவசியம்.
● சிரை கயிறுபோல் இறுகிச் சிவந்து சுட்டால்: சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், ஸ்கேன் தேவை. தைலம் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடக் கூடாது.
● ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால்: ஆழ்சிரை ரத்தக்கட்டு என்ற ஐயத்தில் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108.

கர்ப்ப காலம்

கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடுகிறது. ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. அப்போது புடைக்கும் சுருள்களில் பல, பிரசவமான சில மாதங்களில் தாமே அடங்கிவிடும். காலுறை, இடதுபக்கம் சாய்ந்து படுத்தல், கால் உயர்த்தி வைத்தல் ஆகியவை அதுவரை போதும். அடங்காமல் எஞ்சுவதற்கு, பாலூட்டும் காலம் முடிந்தபின் ஸ்கேன் செய்து சிகிச்சையை முடிவு செய்யலாம்.

செலவும் இடமும்

சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித் துறை இயங்குகிறது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது அறுவைத் துறையை அணுகலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்த முறை எந்த மருத்துவமனையில் அதன்கீழ் வரும் என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தனியார் காப்பீட்டுத் திட்டங்கள் பலவற்றில் வெரிகோஸ் வெயினுக்கு இரண்டாண்டுக் காத்திருப்புக் காலம் உண்டு. கையெழுத்திடுமுன் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை நான்கு. நின்ற நிலையில் ஸ்கேன் எடுக்கப்பட்டதா? எந்தச் சிரையில் எத்தனை விநாடி பின்னோட்டம்? ஆழ்சிரை நன்றாக உள்ளதா? இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், வேறெது பொருந்தும்? ஒரே கருவியை வைத்துக்கொண்டு வருபவர் எல்லாருக்கும் அதையே பரிந்துரைக்கும் இடத்தில் கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

சிகிச்சைக்குப் பின்

சிகிச்சை முடிந்த அன்றே நடை தொடங்க வேண்டும். காலுறையை ஒன்றிரண்டு வாரம் அணிய வேண்டும். கனமான எடை தூக்குவது, நீண்ட பேருந்துப் பயணம் ஆகியவற்றைச் சில வாரம் தவிர்க்க வேண்டும். மூடிய சிரை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஆனால் நோய்க்கு இடம் கொடுத்த உடல் அதேதான். நல்லதாக இருந்த இன்னொரு சிரையின் வால்வு பின்னாளில் கெடலாம். அதனால் புதிய புடைப்பு தெரிந்தால் மறுபடியும் ஸ்கேனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நிற்கும் வேலையை விட முடியாதவருக்கும் காலைக் காக்க வழி உண்டு. அரை மணிக்கு ஒருமுறை குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது இருபது தடவை, இடைவேளையில் பத்து நிமிடம் காலை உயர்த்தி வைப்பது, தினமும் அரை மணி நேர நடை, எடைக் கட்டுப்பாடு. கெட்ட வால்வை இவை திருத்தாது. ஒவ்வொரு முறை குதிகால் எழும்போதும் கெண்டைக்கால் சதை சுருங்கி, தேங்கி நின்ற ரத்தத்தை ஒரு படி மேலே ஏற்றிவிடுகிறது. நல்லபடி இருக்கும் கதவுகளின் மேல் விழும் பாரம் அந்த அளவுக்குக் குறைகிறது.